பழைய 5 குதிரைத்திறன் எஞ்சின், வீட்டில் கட்டிய மினி பைக்: எதை மாற்றினால் இழுக்கும்?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பழைய தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிய எஞ்சினை வைத்து மினி பைக் கட்டும் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். கையில் கிடைப்பது பெரும்பாலும் ஹோண்டா ஜி200, இல்லாவிட்டால் ராபின் இஒய்20. இரண்டுமே வால்வு பக்கவாட்டில் நிற்கும் பழைய ரகம், 5 குதிரைத்திறன். வண்டி ஓடத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அண்ணே, இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா?"

முடியும். ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது கவர்னரில், அதாவது எஞ்சின் சுற்றை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத பாகத்தில். காசு செலவில்லை, வேகம் உடனே தெரியும். எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. இந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு 3600 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடச் செய்யப்பட்டவை. அதை 5400க்கு ஏற்றினால் சுற்று ஒன்றரை மடங்குதான், ஆனால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை இரண்டேகால் மடங்கு. ராடோ அலுமினியம், எண்ணெய் பம்பும் கிடையாது, அடியில் இருக்கும் எண்ணெயை வாரியடித்துத்தான் உயவு. ராடு முறிந்தால் எஞ்சினோடு போகும். வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வெடித்தால் ஓட்டுகிறவன் கால் போகும். பதினைந்து வயதுப் பையன் ஏறும் வண்டியில் கவர்னர் அதன் இடத்தில் இருக்கட்டும்.

அதற்கு எதிரில் பின் ஸ்புரோக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பின் பல்சக்கரத்தை, வைத்துப் பாருங்கள். கிளட்சில் 10 பல், பின்னால் 60 பல், டயர் 14 இஞ்சு என்றால் 3600 சுற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர். பின்னால் 72 பல் போட்டால் 33 கிலோமீட்டர்தான், ஆனால் சக்கரத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதைவிடப் பெரிய லாபம் கிளட்சுக்கு. சுற்று கூடும்போது தானாகப் பிடிக்கும் இந்த சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் 2000 சுற்று வாக்கில்தான் பிடிக்கும். 60 பல்லில் அது 22 கிலோமீட்டர் வேகம், 72 பல்லில் 19க்கும் குறைவு. செம்பனைக் காட்டுச் செம்மண் சடக்கில், மழை அரித்த மேட்டில், யாரும் 22இல் ஏறுவதில்லை. அந்த வேகத்துக்குக் கீழே கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடாகும், லைனிங் கருகும் வாடை வரும். எஞ்சினில் பவர் இல்லை என்று நினைப்பதில் பாதி இந்த வழுக்கல்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் 420 செயினுக்கு 72 பல் ஸ்புரோக்கெட் வெட்டினால் அதன் விட்டம் கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர் வரும். டயரே 35 சென்டிமீட்டர்தான் என்பதால் கல்லில் இடிக்கும். கண்ணி சின்னதான 35ஆம் நம்பர் செயின் என்றால் சுமார் 22 சென்டிமீட்டரில் அடங்கும். இல்லையென்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடைத்தண்டாக ஒரு ஜாக்‌ஷாஃப்ட் வைத்து இரண்டு கட்டமாகக் குறைக்கலாம்.

அடுத்தது கம்ப்ரஷன், பிஸ்டன் மேலே வரும்போது கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது. ஜி200இல் 197 சிசி, விகிதம் சுமார் 6.5. அதாவது பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 36 சிசி. சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டை அரை மில்லி சீவினால் விகிதம் 7ஐ நெருங்கும். லேத் கடை தேவையில்லை. தடித்த கண்ணாடி மேல் மணல்தாள் ஒட்டி, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் தேய்த்தாலே போதும். அப்புறம் வால்வுக்கு மேலே களிமண் வைத்து மூடி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும், வால்வு இடிக்கிறதா என்று. பேராசைப்பட்டு ஒன்றரை மில்லி சீவினால் வால்விலிருந்து சிலிண்டருக்குக் காற்று போகும் வழியே குறுகி, ஏற்றியது இறங்கிவிடும்.

ஆனால் சீவுவதற்கு முன் வால்வை அரைத்துப் பாருங்கள். பல வருடம் பம்பு ஓட்டிய எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு முகத்தில் கரும்புள்ளி விழுந்திருக்கும், கம்ப்ரஷன் அந்த வழியாகத்தான் கசிகிறது. அரைக்கும் பசை தடவிச் சாம்பல் நிற வளையம் முழுதாகத் தெரியும் வரை உருட்டுங்கள். அரைத்தால் வால்வு கீழே இறங்கி, வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். இந்த ரகத்தில் திருகி சரிசெய்ய ஸ்க்ரூ இல்லை, வால்வுத் தண்டின் நுனியைத்தான் தேய்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. இழந்த பவரைத் திருப்பித் தருவது, பெரிய கார்புரேட்டரும் சத்தமான புகைக்குழாயும் சேர்ந்து தருவதைவிட அதிகம்.

எஞ்சினையே மாற்றுவதென்றால் ஹோண்டா ஜிஎக்ஸ்160 நல்ல தேர்வு. 163 சிசிதான், ஜி200ஐவிடச் சின்னது; ஆனால் வால்வு தலைக்கு மேலே, சிலிண்டர் விட்டம் 68, பிஸ்டன் ஓட்டம் 45 மில்லி, நன்றாக மூச்சு விடும். வால்வு இடைவெளி இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லி, இதில் திருகியே சரிசெய்யலாம். சீனத் தயாரிப்பு 168எஃப் ரகத்தில் 196 சிசியும் உண்டு. வாங்கும்போது ஷாஃப்ட்டை அளந்து பாருங்கள், 20 மில்லியா, முக்கால் இஞ்சா என்று. முக்கால் இஞ்சு 19.05 மில்லி, அந்த கிளட்ச் 20 மில்லி ஷாஃப்ட்டில் ஏறாது.

ஹோண்டாவின் சின்ன மோட்டார் சைக்கிளான இஎக்ஸ்5இன் எஞ்சின் போடுவதுதான் பலருக்கு ஆசை. பழைய ரகம் 97 சிசி, நாலு கியர், கிளட்ச் பிடி வேண்டாம்; மேட்டில் முதல் கியருக்கு முன்னால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. ஆனால் ஃப்ரேமை நீட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும், வயரிங் வேலை தனி. பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும் பட்டை பிரேக்கும் அதற்குப் போதாது. இன்னொன்று, பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தூக்கி வராதீர்கள். அந்த எஞ்சின் எண் யார் கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) இருக்கிறது என்று கேட்டு, அதன் நகலையும் ரசீதையும் வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள்.