குரல் உயராத ஒதுக்கலைக் கவனிக்கும் ஒரு குடும்ப ஆலோசனைச் சேவை

தன்பாலீர்ப்பு கொண்ட அல்லது தம்மைத் திருநராக உணரும் பதின்வயதினரின் குடும்பங்களுக்கென இணையவழியில் இயங்கும் ஆலோசனைச் சேவை ஒன்றைச் சில மாதங்களாக நாங்கள் பயன்படுத்திவருகிறோம்.

அடிப்பதும் வீட்டைவிட்டுத் துரத்துவதும் வன்முறை என்பதை எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அண்ணனின் தோழியைப் பற்றி ஆவலோடு விசாரித்துவிட்டுத் தம்பியின் நண்பனைப் பற்றிய பேச்சு வந்ததும் தலைப்பை மாற்றுவது, உறவினர் கூடும் நாளில் அவனுடைய உடையை மட்டும் கவனிப்பது, ‘வயதுக் கோளாறு, சரியாகிவிடும்’ என்று அன்பாகவே சொல்வது போன்ற, குரல் உயராத ஒதுக்கல்களைப் பற்றிப் பேசுவதில்தான் ஆலோசகர் அதிக நேரம் செலவிட்டார். பிள்ளையிடம் தனியே பேசி, அவனுடைய சம்மதம் பெற்றவற்றை மட்டுமே எங்களிடம் தெரிவித்தார். இச்சேவையில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒழுங்கைத்தான்.

பதின்பருவத்தில் குடும்பத்தின் கடும் நிராகரிப்புக்கு ஆளான தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞரிடையே தற்கொலை முயற்சி 8.4 மடங்கு அதிகம் எனக் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வையும் அவர் விளக்கினார். அந்த ஒப்பீடு நிராகரிப்பே இல்லாத அல்லது குறைவாக இருந்த குடும்பங்களோடு செய்யப்பட்டது என்பதைச் சேர்த்தே சொன்னார். புள்ளிவிவரத்தைக் காட்டிப் பெற்றோரை மிரட்டுவோர் இதைச் சொல்வதில்லை. ‘பிள்ளையின் ஈர்ப்பை மாற்றித் தருகிறோம்’ என்ற வாக்குறுதியும் இச்சேவையில் இல்லை. தன்பாலீர்ப்பை உலக சுகாதார அமைப்பு 1990-இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதே!

குறையும் உண்டு. பயிற்சித்தாள்கள் பெற்றோரை மட்டுமே கருதுகின்றன. கேலியில் பெரும்பங்கு வகிக்கும் உடன்பிறந்தோருக்கும் தாத்தா பாட்டிக்கும் அவற்றில் இடமில்லை. மாற்று ஆலோசகர் வரும் நாள்களில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பது பிள்ளையைச் சோர்வடையச் செய்கிறது. ஒரே ஆலோசகர் வேண்டும் என்று பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது.