டிக்கா டி3எக்ஸ் லைட், .300 வின்செஸ்டர் மேக்னம்: எல்க் வேட்டைக்கு எப்படி?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் என்ற பெரிய மானைத் தேடிப் போகிறவர் துப்பாக்கியைச் சுமந்தே நாள் முழுக்க ஏற வேண்டும். ஃபின்லாந்துத் தயாரிப்பான இந்த ரைஃபிள் ஏறக்குறைய 3 கிலோதான். பலமும் அதுதான், தலைவலியும் அதுதான். இவ்வளவு லேசான துப்பாக்கியில் மேக்னம் தோட்டா, அதாவது வெடிமருந்து கூடுதலாக உள்ள வீரியமான தோட்டா, தோளைப் பலமாக உதைக்கும். உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுத்தால் குறி தப்பி, மிருகம் காயத்தோடு ஓடிவிடும். வேட்டையில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் வெளியேற்றும் மசில் பிரேக் மாட்டினால் உதை நன்றாகக் குறையும். சத்தம் கூடும், காதுக்காப்பு கட்டாயம்.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் வழுவழுவென்று ஓடுகிறது. மேகசினில் 3 தோட்டாக்கள், போதும்.

180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) எடைக் குண்டுக்கு 200 கெஜத்தில் குறி சரிசெய்தால், 400 கெஜத்தில் சுமார் அரை மீட்டர் இறங்கும். மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்று அந்தத் தூரத்தில் ஏறத்தாழ ஓர் அடி தள்ளும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் 9 செ.மீ. இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் புருவம் கிழியும். குண்டுகள் சிதறி விழுந்தால் குழலைக் குறை சொல்லுமுன் ஸ்கோப் வளையத் திருகுகளைப் பாருங்கள். உதையில் தளர்வது பெரும்பாலும் அவைதான்.

300 கெஜத்துக்கு மேல் சுடாதவருக்கு இதே ரைஃபிள் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்ற, உதை குறைந்த தோட்டா வகையில் எடுப்பதே நல்லது. தோள் தப்பிக்கும்.