சைடு பீடிங்கைத் திரும்ப ஒட்ட எது நல்லது: சூப்பர் குளூவா, சிலிக்கோனா, டேப்பா?

கார் கதவின் வெளிப்புறம் நீளவாக்கில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைதான் சைடு பீடிங். அது ஒரு முனையில் லேசாகத் தூக்கும்போதே கவனித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அந்த இடுக்கில் மண்ணும் தண்ணீரும் இறங்கி, மீதி இருக்கும் பிடிப்பையும் உரித்துவிடும். அதை ஒட்டப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் கையில் எடுக்கிறோம். மூன்றையும் என் காரில் பார்த்துவிட்டேன்.

சூப்பர் குளூ சில நொடிகளில் பிடிக்கிறது, அதனால்தான் கை முதலில் அங்கே போகிறது. ஆனால் காய்ந்ததும் விறைத்துவிடும். வெயிலில் நிற்கும் காரில் பிளாஸ்டிக் பட்டை, அடியில் உள்ள இரும்புத் தகட்டைவிடப் பல மடங்கு அதிகமாக நீளும், இரவில் சுருங்கும். வளைந்து கொடுக்காத பசை இந்த இழுபறியைத் தாங்காது. கதவை நாலு முறை ஓங்கிச் சாத்தினால் பட்டை கையோடு வந்துவிடும். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த கறையும், பெயிண்டில் ஒட்டிய திட்டும்தான் மிச்சம்.

சிலிக்கோன் நீண்டு கொடுக்கும், அந்த வகையில் மேல். ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பதில் பல, காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுபவை. திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். ஒரு கடையில் என் காரின் பழைய டேப்பை பிளேடால் சுரண்டி, மேலே சிலிக்கோனைப் பிதுக்கி ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றினால் பிளேடு கீறிய கோடு அப்படியே துருக்கோடாக இருந்தது. அது மட்டுமில்லை, சிலிக்கோன் பட்ட இடத்தில் அதன் வழவழப்பு போகாது. பிறகு டேப்பும் நிற்காது, பெயிண்டும் சரியாகப் பிடிக்காது. வண்டிக்கு வெளியே சிலிக்கோன் வேண்டவே வேண்டாம் என்பேன்.

கடைசியில் டபுள் சைடு டேப். இதிலும் ஸ்டேஷனரி கடையின் வெள்ளை ஸ்பாஞ்சு டேப்பை நம்பாதீர்கள், வெயிலில் பொடிந்துவிடும். வேண்டியது அக்ரிலிக் ஃபோம் டேப். சாம்பல் அல்லது கறுப்பு நிறம், இழுத்தால் ரப்பர் போல நீளும். 3எம் நிறுவனத்தின் விஎச்பி (VHB) டேப் அந்த வகைதான். பட்டையும் தகடும் வேறு வேறு அளவில் நீள, நடுவில் இது தானும் நீண்டு ஈடுகொடுக்கிறது. பட்டையின் பின்புறம் பிபி (PP) என்று அச்சிட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன், எதுவும் எளிதில் ஒட்டாத பிளாஸ்டிக். முதலில் பிரைமர், அதாவது டேப் பிடிக்க உதவும் திரவம், தடவுங்கள்.

டேப் தோற்றுப்போனது என்று சொல்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் பெட்ரோலால் துடைத்திருப்பார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச் செல்லும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தால் போதும்.

அப்புறம், கழற்றும் வேலை. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் தகடு நசுங்கும். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, தூண்டில் நரம்பைப் பட்டைக்குப் பின்னால் விட்டு ரம்பம்போல இழுங்கள். டேப் நடுவில் வெட்டுப்பட்டுப் போகும். சில பட்டைகளின் பின்னால், தகட்டின் துளையில் செருகும் குமிழ்களும் இருக்கும். நரம்பு சிக்கினால் வலுக்கட்டாயமாக இழுக்காமல் அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள். பெயிண்டில் மிஞ்சும் டேப்பை மறுபடி சூடாக்கி, கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். ஒரு கதவுக்கே அரை மணி நேரம் ஆகும், விரல் வலிக்கும். பெயிண்ட் தப்பிக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

வீல் ஆர்ச் கிளாடிங் (சக்கரத்துக்கு மேல் வளைவில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை) மாதிரி கிளிப்பில் நிற்பவற்றுக்கு டேப் பதிலாகாது. உடைந்த கிளிப்பை மாற்றிவிடுங்கள்.

ஒட்டும் முன் மாஸ்கிங் டேப்பால் பழைய கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒட்டியபின் நகர்த்த முடியாது. முழு நீளத்துக்கும் அழுத்தித் தேயுங்கள். 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்புதான் வரும், முழுதாக வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் வாஷுக்கு வண்டியை விடாதீர்கள்.