"ஒத்தக் கையில தூக்கலாம் அண்ணே": கேம்பர் ட்ரெய்லர் செய்யக் கொடுத்து நான் ஏமாந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பட்டறை பெயரை இங்கே போடப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், அது முடியட்டும். தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் நம்ம குமரி மாவட்டத்தில் வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேருக்கு, பின்னால் இழுத்துக்கொண்டு போய் உள்ளேயே தங்குகிற கேம்பர் ட்ரெய்லர் ஆசை வந்திருப்பது எனக்குத் தெரியும், தக்கலையில் மட்டும் இரண்டு பேர் என்னிடமே விசாரித்தார்கள், அவர்களுக்காகத்தான் இது.

பதினோரு வருடம் சவுதியில், தம்மாமில் இருந்தேன். வெள்ளிக்கிழமை ஆனால் அங்கே பிக்கப் பின்னால் கேம்பரைக் கொளுவிக்கொண்டு குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போவார்கள், அதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. ஊருக்கு வந்ததும் 2018 மாடல் வி-கிராஸ் ஒன்று பழையதாக வாங்கினேன், 2.5 லிட்டர் இன்ஜின். அப்புறம் ஒரு சின்ன கேம்பர் ட்ரெய்லர், நாலு பேர் படுக்க, பின்கதவைத் திறந்தால் அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர் டேங்க். யூடியூபில் வீடியோ போட்டுக்கொண்டிருந்த ஒரு பட்டறைக்காரரைப் பிடித்தேன். நல்லாப் பேசுவார். பேச்சு மட்டும்தான் நல்லா இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

"மொத்த வெயிட் எவ்வளவு வரும் தம்பி?" என்று கேட்டேன். "அறுநூத்தி அம்பது தாண்டாது அண்ணே. உங்க வண்டி மூணரை டன் இழுக்கும், இது அதுக்கு ஒரு பொட்டலம்" என்றார். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் இசுசு டி-மேக்ஸில் (என் வி-கிராஸும் அந்த வகைதான்) பெரிய கேரவன் இழுக்கும் வீடியோவைக் காட்டினார். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். அங்கே விற்கும் 3.0 லிட்டர் டி-மேக்ஸுக்கு 3,500 கிலோ என்பது உண்மைதான், ஆனால் அது ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால். பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான். எனக்கு அவர் செய்து தந்ததில் பிரேக் கிடையாது. வீடியோவில் அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

4,20,000 ரூபாய் பேசினோம். 50,000 ஜிபேயில் போட்டேன், மீதி ரொக்கம். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத லெட்டர் பேடில் கையெழுத்துப் போட்டு ஒரு கொட்டேஷன் தந்தார், அதிலும் 650 கிலோ என்று எழுதியிருந்தார். அந்தத் தாள் மட்டும் இல்லையென்றால் இன்று என் கையில் ஒன்றும் இல்லை.

டெலிவரி அன்று அவர் செய்த ஒரு காரியம்தான் இந்தப் பதிவுக்கே காரணம். ட்ரெய்லரின் முன் கொக்கியை, அதாவது வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை (பால் என்பார்கள், ball) மேல் உட்காரும் கப்ளரை, ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். "பாத்தியளா அண்ணே, ஒத்தக் கையில தூக்கலாம். அச்சை நட்ட நடுவுல வச்சிருக்கேன், தராசு மாதிரி பேலன்ஸ்." என் மகன் போய்த் தூக்கிப் பார்த்தான், பதினாலு வயது, அவனாலும் முடிந்தது. கை தட்டினோம். தப்பு முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது, அதற்குத்தான் நாங்கள் கை தட்டியிருக்கிறோம்.

போன ஆடியில் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். சாரல் சீசன், டேங்க் நிறையத் தண்ணீர், பின் கிச்சனில் கேஸ் சிலிண்டர், அரிசி, பாத்திரம், எல்லாம் வால் பக்கம். தோவாளையில் பூ வாங்க நிறுத்தினேன். ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவில் சும்மா கை வைத்தேன், சுரீரென்று இருந்தது. வெயிலில் ஓடின வண்டி என்று நினைத்துக்கொண்டேன். ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஏது வெயில், என் புத்தி அப்படி.

முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும் வரை பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே காற்று பேயாக அடிக்கும், ஆனால் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று, நாம் போவதும் கிழக்கே, முதுகில்தான் தள்ளும். காவல்கிணறு வந்து பணகுடிப் பக்கம் வடக்கே திரும்பியதும்தான் அதே காற்று இடது விலாவில் அடிக்க ஆரம்பித்தது. 75 கிலோமீட்டர் வேகம்தான். பின்னால் டக் டக்கென்று ஒரு சத்தம் கொஞ்ச நேரமாகவே இருந்தது. ஒரு பஸ் எங்களை ஓவர்டேக் எடுத்தது, அது தள்ளிய காற்றும் சேர்ந்து ட்ரெய்லர் வால் ஒரு ஆட்டம் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது, இந்தத் தடவை நிற்கவில்லை, ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக வந்தது. "என்னங்க, வண்டி ஏன் இப்படி ஆடுது?" என்று மனைவி கேட்டாள். நான் பிரேக்கை மிதித்தேன்.

மிதித்திருக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். ட்ரெய்லருக்குத் தனி பிரேக்கும் உள்ளேயிருந்து அதை மட்டும் பிடிக்க லீவரும் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். முன் வண்டியைப் பிடித்தால் பின்னால் வருவது அப்படியே நெருக்கித் தள்ளி இன்னும் மடக்கும். இதெல்லாம் பிறகு படித்தது. அந்த நேரத்தில் படாரென்று ஒரு சத்தம், வண்டி இரண்டு லேனையும் துடைத்துக்கொண்டு போய் ஓரத்து மண்ணில் நின்றது. பின்னால் அப்போது லாரி வரவில்லை, அவ்வளவுதான் நாங்கள் பிழைத்ததற்குக் காரணம்.

இறங்கிப் பார்த்தால் கப்ளர் பாலை விட்டு மேலே எகிறிக் கழன்று கிடக்கிறது. ட்ரெய்லர் ஒரு சங்கிலியில் தொங்குகிறது. சங்கிலி என்று சொல்லக் கூடாது, கேட் பூட்டப் போடுவோமே அந்த மாதிரி, ஒரு கண்ணி வாய் திறந்து நின்றது.

பின்னால் வந்த டிப்பர்க்காரர் ஒருவர் நிறுத்தினார், வயது எழுபது இருக்கும். கப்ளரைத் தூக்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "மக்கா, மூக்குல வெயிட்டே இல்லியே. டிராக்டர் டிரெய்லர்ல நெல்லு மூட்டை அடுக்குனா கூட முன்னால கொஞ்சம் கனம் நிக்கிற மாதிரி தான் அடுக்குவோம். வால்ல கனம் ஏத்துனா ஆடாம என்ன செய்யும்?" நாஞ்சில் நாட்டில் வண்டி ஓட்டின மனுஷனுக்கு இரண்டு நொடியில் தெரிந்தது, நாலு லட்சம் வாங்கின ஆளுக்குத் தெரியவில்லை. இல்லை, தெரிந்தே செய்தாரா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

ஊருக்கு வந்து எடைமேடையில் ஏற்றினேன். கழற்றி ட்ரெய்லரை மட்டும் நிறுத்தி எடை போட்டோம். தண்ணீர் இல்லாமல், சாமான் இல்லாமல், காலியாக 1,080 கிலோ. 650 என்று எழுதித் தந்த அதே சாதனம். தேவைக்கு மேல் கனமான இரும்பு போட்டு, பிளைவுட் வைத்து, மேலே தகரம், அதுக்கு மேலே கூடாரம், எங்கேயும் அவர் எடை போட்டுப் பார்க்கவே இல்லை என்பது என் ஊகம்.

அப்புறம் வீட்டில் ஆள் எடை பார்க்கும் மிஷின் இருக்கிறதல்லவா, முள் வைத்தது, அதன்மேல் மரக்கட்டை அடுக்கி, வண்டியில் கொளுவும் அதே உயரத்துக்குக் கப்ளரை அதன்மேல் இறக்கினோம். மனைவியின் தம்பி மெக்கானிக்கல் படித்தவன், அவன் சொன்ன வழி இது. காலி வண்டிக்கு 52 கிலோ. டேங்கில் தண்ணீர் நிரப்பினதும் 20. டேங்க் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது, பின்னால் ஏற ஏற மூக்கு எழும்பும். குற்றாலம் போனபோது வைத்த சாமானை எல்லாம் அதே மாதிரி கிச்சனில் அடுக்கினதும் முள் பூஜ்ஜியத்துக்கு வந்தது, கையை எடுத்தால் கப்ளர் தானாகவே மேலே போகிறது. "அத்தான், இதை நீங்க கீழ அமுக்கிப் பிடிச்சிட்டுல்லா ஓட்டிருக்கிய" என்றான்.

மூக்கில், அதாவது கப்ளரில் விழ வேண்டிய எடை ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். தண்ணீரோடு 1,180 கிலோ ட்ரெய்லர் என்றால் சுமார் 120 கிலோவாவது. ஒற்றைக் கையால் யாராலும் தூக்க முடியாது, தூக்க முடியவும் கூடாது, அதற்காகத்தான் முன்னால் ஜாக்கி சக்கரம் வைப்பது. அந்த 120 கிலோ நம் பிக்கப்பின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற பாரம், அதனால் பின்பக்கத் தொட்டியில் ஏற்றுகிற சாமானில் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும்.

மற்ற திருட்டுகளையும் சொல்லிவிடுகிறேன். கப்ளர் இரண்டு இஞ்ச் சாக்கெட், அதாவது 50.8 மில்லிமீட்டர். பாலை வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் 48. லேத்தில் சாதா இரும்பில் கடைந்து, மேலே பெயின்ட் அடித்துத் தந்திருக்கிறார். டக் டக்கென்று கேட்டது அதுதான். ஹிட்ச்சை, அதாவது வண்டியில் அந்தப் பாலைத் தாங்குகிற இரும்பை, சேஸிஸில் போல்ட் போட்டுப் பிடிக்காமல் பின் பம்பர் பிராக்கெட்டில் வெல்டிங் வைத்திருந்தார். டயர் புதுசு என்றார், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம், எங்களுடையதில் 2214, அதாவது 2014-ல் 22-ஆவது வாரம் செய்த டயர், கறுப்புப் பாலிஷ் போட்டுப் புதுசாக்கியிருக்கிறார். சக்கரத்தைக் கழற்றினால் பேரிங்கில் கிரீஸ் நக்கிவிட்ட மாதிரி இருந்தது. தோவாளையில் சுட்டதன் காரணம் அது.

ஆர்.சி. விஷயம் தனிக் கதை. "நான் பாத்துக்கிறேன் அண்ணே" என்று சொல்லியே எட்டு மாதம் ஓட்டினார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்கிற வரையறைக்குள்ளேயே ட்ரெய்லரும் வருகிறது, அதற்கும் பதிவு வேண்டும். நம்முடைய டி.என். 74 நம்பர் பிளேட்டையே இன்னொன்று அடித்துப் பின்னால் மாட்டினால் போதும் என்று நம்ப வைத்தார், நானும் மாட்டினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு வேறு யாருக்காவது அடிபட்டிருந்தால் இன்சூரன்ஸில் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

போன் போட்டேன். முதல் நாள் "காத்து அடிச்சா நான் என்ன செய்ய அண்ணே" என்றார். இரண்டாம் நாள் "உங்களுக்கு ஓட்டத் தெரியல்ல" என்றார். மூன்றாம் நாள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சொந்தக்காரர் ஒருவர் நடுவில் பேசி 35,000 வாங்கித் தந்தார், அதுவும் "இனிப் பேச்சு இல்லை" என்று எழுதித் தரச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சனை வந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொட்டேஷன் தாள், ஜிபே ரசீது, எடைமேடைச் சீட்டு, இந்த மூன்றும்தான் என் ஆயுதம். ரொக்கமாகக் கொடுத்த 3,70,000-க்கு அந்தத் தாளில் அவர் கையால் "முழுத்தொகை பெற்றேன்" என்று எழுதி வாங்கியது மனைவியின் புத்தி, என்னுடையது இல்லை.

ட்ரெய்லரை இப்போது வேறொரு பெரியவரிடம் கொடுத்துச் சரி செய்தேன், லாரி அச்சு வேலையிலேயே முடி நரைத்தவர். அச்சை 25 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினார், டேங்கை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தார், நாம் பிரேக் பிடித்தால் ட்ரெய்லர் முன்னால் நெருக்குகிற அந்த அழுத்தத்திலேயே தானும் பிடித்துக்கொள்கிற பிரேக் ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைத்துப் போட்டார், சேஸிஸில் 8.8 என்கிற உறுதியான ரகப் போல்ட், சாக்கெட்டுக்குச் சரியான அளவில் கடையில் வாங்கிய பால், குறுக்காகப் போட்ட இரண்டு கனமான சங்கிலி, புது டயர். 1,35,000 ஆனது. காலியாக மூக்கில் 122 கிலோ நிற்கிறது. பேச்சிப்பாறை வரை போய்ப் பார்த்தேன், 60-க்கு மேல் போகவில்லை, ஆடவில்லை. ஆர்.சி. வேலை இன்னும் நடக்கிறது, அதனால் அதற்கப்புறம் ஷெட்டில்தான் கிடக்கிறது.

போன வாரம் அந்தப் பட்டறை வழியாகப் போனேன். வாசலில் புதுசாக ஒரு ஃபிரேம் நிற்கிறது, பச்சை பிரைமர் அடித்து. வண்டியை நிறுத்தாமலே தெரிந்தது, அச்சு நட்ட நடுவில். அதற்கு அட்வான்ஸ் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை. அண்ணே, நீங்கள் இதைப் படித்தால், டெலிவரி எடுக்கப் போகும்போது வீட்டில் இருக்கிற எடை மிஷினையும் நாலு மரக்கட்டையையும் வண்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டு போங்கள், மீதிப் பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் முன்னால்.