வாராந்திரத் தோராப் பகுதி: கார்ட்டூனா, பயிற்சித்தாளா, மூலநூலா?

சிம்ஹாத் தோரா பண்டிகையோடு தோரா வாசிப்பின் ஒரு வருடச் சுற்று முடிந்து மறுபடி ஆதியாகமத்தின் முதல் வரிக்குத் திரும்பும்போது, சிறு பிள்ளைகள் உள்ள யூத வீடுகளில் ஒரு கேள்வி எழும்: இந்த வருடம் பராஷாவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தோரா எனப்படும் மோசேயின் ஐந்து ஆகமங்களை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக, சில வாரங்களில் இரண்டு சேர்த்து, ஒரு வருடத்தில் ஜெப ஆலயத்தில் வாசித்து முடிப்பார்கள். அந்த வாரத்துக்கான பகுதிதான் பராஷா.

நான் திருமணத்துக்கு முன் யூத மதத்தை ஏற்றவள். கணவர் நியூஜெர்சியில் யூதக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கைக்குக் கிடைத்த வழிகளையெல்லாம் பார்த்துவிட்டு, ஷப்பாத் என்னும் வார ஓய்வுநாளின் சாப்பாட்டு மேசையில் மூலநூலையே திறந்துவைத்து ஒரே ஒரு கேள்வியைப் பேசுவது என்று முடிவு செய்தோம். எங்களைப் போன்ற குடும்பங்களில் இருக்கும் தமிழ்த் தோழிகள் காரணம் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

கார்ட்டூனிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு பராஷாவுக்கும் சில நிமிடப் படம் யூடியூபில் இலவசமாகவே இருக்கிறது. 2008இல் ஜி-டிகாஸ்ட் என்ற பெயரில் தொடங்கிப் பிறகு பிம்பாம் என்று மாறிய நிறுவனம் 2019இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அதன் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. ஓவியமும் குரலும் நன்றாக இருக்கும். பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள், மறுபடி போடச் சொல்கிறார்கள். இதில் விளக்க அதிகம் இல்லை.

பயிற்சித்தாள் என்பது ஞாயிற்றுக்கிழமை எபிரேயப் பள்ளியிலிருந்து வரும் தாள். வண்ணம் தீட்டும் படம் ஒன்று, கோடிட்ட இடம் நிரப்புவது நான்கைந்து. ஆசிரியர் வகுப்பில் பேசியதற்கு அது ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். வயதுக்கு ஒன்றாக அச்சிடுவதால் அக்காவும் தம்பியும் வேறு வேறு தாளோடு வேறு வேறு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

படக்கதைப் புத்தகங்களும் உண்டு. 2005இல் தொடங்கிய பிஜே லைப்ரரி திட்டத்தில் மாதம் ஒரு புத்தகம் இலவசமாக வீட்டுக்கே வருகிறது. அதை யாரும் விடக்கூடாது என்பேன். ஆனால் அது வாரப் பகுதியைத் தொடர்ந்து வருவதல்ல. பண்டிகை, குடும்பம், நற்பழக்கம் என்று அதன் வட்டம் வேறு.

ஷப்பாத்தைக் கடைப்பிடிக்கும் வீட்டில் இன்னொரு நடைமுறைச் சங்கதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் திரை கிடையாது, பேனாவும் வண்ணக்குச்சியும் கிடையாது. குடும்பம் முழுதும் அவசரமில்லாமல் ஒன்றாக உட்காரும் அந்த நேரத்தில் புத்தகமும் வாய்ப்பேச்சும்தான் மிஞ்சும். இதை மட்டும் வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை. முடிவைத் தீர்மானித்தது பிப்ரவரி மாதம்.

வருடச் சுற்றை ஒருமுறை முழுதாகப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆதியாகமத்தின் 12 பராஷாக்களும் யாத்திராகமத்தின் முதல் ஐந்தும் கதையாகவே ஓடுகின்றன. பேழை, ஆபிரகாமின் கூடாரம், யோசேப்பின் அங்கி, செங்கடல், சீனாய் மலை. இந்த 17 வாரங்களுக்கு எந்த வழியை எடுத்தாலும் ஒப்பேறிவிடும். அதற்குப் பிறகு, பிப்ரவரி வாக்கில், மிஷ்பாத்தீம் பராஷாவில் சட்டங்கள் அடுக்கடுக்காக வரும். அடுத்த பராஷாவான தெருமாவில், வனாந்தரத்தில் வழிபாட்டுக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் பலகையும் கொக்கியும் திரைச்சீலையும் முழக்கணக்கில் வரும். நடுவில் பொற்கன்றுக்குட்டிக் கதை ஒன்று தலைகாட்டும். பிறகு லேவியராகமத்தின் பத்துப் பராஷாக்கள்: பலிகள், உணவு விதிகள், தோலில் தோன்றும் திட்டுகள். எண்ணாகமத்தின் நடுப்பகுதிக்கு வந்தால்தான் கதை மீண்டும் வேகம் பிடிக்கும். அதற்குள் ஜூன் ஆகிவிடும்.

இந்த நான்கு மாதத்தில்தான் வீடுகளில் பழக்கம் அறுந்துபோகிறது. கதையை நம்பி நிற்கும் வழிக்குக் கதை இல்லாத வாரத்தில் என்ன செய்வது? கார்ட்டூன் ஒரு புதுக் கதையைக் கற்பனை செய்து விதியை அதற்குள் பொதித்துவைக்கும். பிள்ளைக்கு அந்தக் கற்பனைக் கதைதான் மனதில் நிற்கும். படக்கதைத் தொகுப்புகள் இன்னும் சுலபமாக, சீனாய் மலையிலிருந்து ஒரே தாவில் எண்ணாகமத்தில் வரும் வேவுகாரர்களிடம் போய்விடுகின்றன. பயிற்சித்தாளில் ஆசரிப்புக் கூடாரத்துக்கு வண்ணம் தீட்டலாம், ஆனால் எத்தனை வாரம்?

யூத மரபு சிறு பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கியதே லேவியராகமத்திலிருந்துதான் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஏன் ஆதியாகமத்தில் தொடங்குவதில்லை என்று மித்ராஷ் என்னும் பழைய விளக்க நூல் கேட்கிறது. பிள்ளைகளும் தூயவர்கள், பலிகளும் தூயவை, தூயவர்கள் வந்து தூயதைக் கற்கட்டும் என்று பதிலும் தருகிறது. கதை இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பிடிக்காது என்று அந்த ஆசிரியர்கள் நினைக்கவில்லை.

அவர்கள் நினைத்தது சரி என்பதை எங்கள் மேசையிலேயே கண்டேன். லேவியராகமத்தின் முதல் சொல்லின் கடைசி எழுத்தான ஆலெஃப் என்ற எபிரேய எழுத்தை தோராச் சுருளில் வேண்டுமென்றே சின்னதாக எழுதுவார்கள். ஹுமாஷ் எனப்படும் அச்சிட்ட தோராப் புத்தகத்திலும் அது சின்னதாகவே இருக்கும். எழுத்து கற்றுக்கொண்டிருக்கும் ஐந்து வயதுப் பையனிடம் புத்தகத்தைக் கொடுத்து, இந்தப் பக்கத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டாலே போதும். ஏன் சின்னது என்பதில் பெரியவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

கெதோஷீம் பராஷாவில் காது கேளாதவனைச் சபிக்காதே என்று ஒரு கட்டளை வருகிறது. "அவருக்குத்தான் கேட்காதேம்மா, அப்புறம் திட்டினா என்ன?" என்றாள் மகள். உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாக எடுத்துப் பேசும் கேள்வி அது. அதே அதிகாரத்தில், அறுவடையின்போது வயலின் மூலையை ஏழைகளுக்கு விட்டுவிடச் சொல்கிறது. மூலை என்றால் எவ்வளவு? தோரா அளவு சொல்லவில்லை. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா 60இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்கிறது. எங்கள் ரொட்டியில் 60இல் ஒரு பங்கு எவ்வளவு என்று மகன் பிய்த்துப் பார்த்தான்.

எல்லாரும் அஞ்சும் தஸ்ரியா, மெட்சோரா பராஷாக்களிலும் இப்படித்தான். திட்டு கண்டவரைப் பாளயத்துக்கு வெளியே தனியே இருக்கவைக்கிறார்கள். குணமானால் அது யாருக்குத் தெரியும்? அவர் ஆசாரியனிடம், அதாவது பலி செலுத்தும் குருவிடம், நடந்துவருவதில்லை. ஆசாரியன்தான் பாளயத்தை விட்டு வெளியே அவரிடம் போகிறார். ஏன் அப்படி என்ற ஒரே கேள்வியில் அந்த வாரத்துச் சாப்பாடு முடிந்தது.

முன்தயாரிப்பு இல்லாமல் இது நடக்காது, அதையும் சொல்ல வேண்டும். வியாழன் இரவு பிள்ளைகள் தூங்கியபின் நானோ கணவரோ பகுதியைப் படித்து, இரண்டு மூன்று வசனங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு கேள்வியை முடிவு செய்தாக வேண்டும். என் எபிரேயம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான். செஃபாரியா தளத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் ராஷியின் உரையும் இலவசமாக இருப்பதால் சமாளிக்க முடிகிறது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த ராஷி தோரா உரையைத் தொடங்குவதே ஒரு கேள்வியோடுதான்: கட்டளைகளின் நூல் படைப்புக் கதையில் ஏன் தொடங்குகிறது?

கேள்வி கண்டுபிடிக்க வராது என்று தயங்குபவர்கள் நெஹாமா லெய்போவிட்ஸின் தாள்களைப் பார்க்கலாம். 1942இல் ஒரு சிறிய குழுப் பெண்களுக்காகத் தொடங்கி, வாரப் பராஷா பற்றிய கேள்விகளைத் தபாலில் அனுப்பி, திரும்பிவந்த விடைகளைத் தம் கையாலேயே திருத்தி, 30 ஆண்டுக்காலம் அதைத் தொடர்ந்தவர் அவர். கடினமான கேள்விக்கு ஒரு குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு குறி போடுவார். அவை பெரியவர்களுக்கானவைதான். ஆனாலும் வசனத்தில் எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதை அவற்றிலிருந்துதான் பழகினேன்.

வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. பாத் மிட்ஸ்வா என்னும் பருவச் சடங்குக்குத் தயாராகும் வயதில் ராகத்தோடு வாசிக்கக் கற்பதே பெரிய வேலையாகிவிடும், அதற்கு ஆசிரியர் வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் இருவருமே வெள்ளி மாலைவரை வேலையில் இருக்கும் வீட்டில் இதே ஏற்பாடு நிற்குமா என்றும் உறுதியாகச் சொல்லமாட்டேன். அங்கே வாரம் ஒரு கார்ட்டூன் பார்ப்பது, எதுவும் செய்யாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல். நாங்களும் அதை ஒதுக்கிவிடவில்லை. பிலேயாமின் கழுதை பேசும் பாலாக் வாரத்தில், மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேசைக்கு வருவான் மகன். கழுதையின் கண்ணுக்குத் தெரிந்த தேவதூதன் அதன் எஜமானுக்கு ஏன் தெரியவில்லை என்பதை அக்காவோடு சேர்ந்து புத்தகத்தில் தேடுவான்.