சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ரோபோவா, டேப்லட்டா, ஆளா?

பிரியாணி விற்றுச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில், கோயில் மண்டபத்தில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அதை எப்படிச் செலவழிப்பது என்பதில் கமிட்டி மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. இளைஞர்களுக்குப் பேசும் ரோபோ வேண்டும். கணக்குப் பார்ப்பவர்களுக்கு டேப்லட் போதும். மூன்றாவது கட்சி, ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள் என்கிறது. நான் மூன்றாவது கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஆனால் மற்ற இரண்டையும் சும்மா தள்ளிவிடவில்லை.

ரோபோ ஆசை வானத்திலிருந்து குதிக்கவில்லை. பிரிட்டோரியா பல்கலைக்கழக நூலகத்தில் 2019இலேயே லிபி என்ற பெயரில் ஒரு ரோபோ வேலைக்கு வந்துவிட்டது. 2025இல் இங்கே டர்பனிலேயே ஐரிஸ் என்ற ஆசிரியர் ரோபோவை அறிமுகப்படுத்தினார்கள். செய்தவர் தாண்டோ குமேடே, நம் குவாசுலு-நடால் மாகாணத்துப் பெண். சைகை மொழி தவிர நாட்டின் மற்ற 11 ஆட்சிமொழிகளிலும் பாடம் சொல்லும் என்றார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் வாட்ஸப் குழுவில் வேறு பேச்சே இல்லை.

சரி, அந்தப் 11இல் தமிழ் உண்டா? இல்லை. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அங்கே அது மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்று, ஆட்சிமொழி அல்ல. ஆக, ரோபோ செய்பவர் முதலில் சுலுவையும் கோசாவையும்தான் கவனிப்பார். அது நியாயமும்கூட. நாம் கேட்டால் தமிழை ஒட்டுப்போட்டுத் தருவார்கள், அவ்வளவுதான்.

ரோபோ பேசினால் பிள்ளை கூடுதலாகக் கற்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. நெதர்லாந்தில் இதைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைகள் 194 பேர், ஏழு பாடங்கள், 34 ஆங்கிலச் சொற்கள். ஒரு கூட்டத்துக்கு நாவோ என்ற குட்டி மனித உருவ ரோபோவும் டேப்லட்டும், இன்னொரு கூட்டத்துக்கு டேப்லட் மட்டும். இரண்டு கூட்டமும் கற்றுக்கொண்டன. ரோபோவோடு இருந்த கூட்டம் கூடுதலாகக் கற்கவில்லை. விலை வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள்.

ரோபோ கட்சியின் கையில் ஒரு நல்ல துருப்புச் சீட்டும் இருக்கிறது. இரானில் பள்ளிச் சிறுமிகளுக்கு அதே நாவோவை வைத்து ஆங்கிலம் கற்பித்தபோது அவர்களுடைய கூச்சமும் பயமும் குறைந்ததாக 2015இல் ஒரு ஆய்வு வந்தது. இதை நான் தள்ளிவிட மாட்டேன். எங்கள் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பையனைத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வீட்டில் பேசுவது ஆங்கிலம். தேவாரத்தையே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிற தலைமுறை. தப்பாகச் சொன்னால் பக்கத்து பெஞ்சு சிரிக்கும். இயந்திரம் சிரிக்காது. ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் இதே வேலையை ஒரு கைப்பொம்மை செய்துவிடுகிறது, அதற்குச் சார்ஜரும் வேண்டாம்.

வாங்கிய பிறகு வரும் தலைவலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெப்பர் என்ற பேசும் ரோபோவின் தயாரிப்பை 2020இலேயே நிறுத்திவைத்தார்கள். நாவோவைச் செய்த பிரெஞ்சு நிறுவனம் அல்டபரான் 2025இல் திவாலாகி, சீனக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. அமெரிக்காவில் மாக்சி என்று குழந்தைகளோடு பேசும் ரோபோ ஒன்று இருந்தது, விலை 799 டாலர். அதன் மூளை கம்பெனியின் சர்வரில் இருந்தது. 2024 டிசம்பரில் கம்பெனி கடையை மூடப்போகிறோம் என்றதும், மாக்சி இனி பேசாமல் போகும் என்பதைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். அமெரிக்காவிலேயே இந்தக் கதி. டர்பன் கோயில் மண்டபத்தில் உதிரிபாகத்துக்கு எங்கே போவது? அப்புறம் இந்த ஊரில் ஜன்னலுக்குக் கம்பி போடாமல் கணினி வைத்த மண்டபம் உண்டா? ரோபோவுக்கு முன்னால் கம்பிக்கும் அலாரத்துக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

டேப்லட்டை விற்பவரும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். ஒரு சனிக்கிழமை, பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு சிறுமி 'வாளப்பளம்' என்றாள். திரையில் 'வாழைப்பழம்' என்று சுத்தமாக வந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இயந்திரம் அவள் வாயைக் கேட்டு எழுதவில்லை, எந்தச் சொல்லாக இருக்கும் என்று ஊகித்துத் தானே திருத்திக்கொண்டது. உச்சரிப்பு பிசகியது அவளுக்குத் தெரியவே இல்லை. அதே இடத்தில் ஓர் ஆசிரியை இருந்தால் நாக்கை எங்கே மடக்குவது என்று வாயைத் திறந்தே காட்டியிருப்பார். எழுத்துப் பயிற்சிக்கும் கதை கேட்பதற்கும் டேப்லட் நல்லதுதான். பாடங்களை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு திரும்பி வந்தாலும் வகுப்பு நிற்காது. 2023இல் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது.

இப்போது ஆள். இதிலும் இரண்டு வகை. தமிழ்நாட்டு ஆசிரியரை ஜூமில் அழைப்பது ஒன்று. நமக்குக் காலை 9 மணி என்றால் அங்கே மதியம் 12.30, இருவருக்கும் தோதான நேரம். தென்கொரியாவின் டேகு நகரத்தில் 2010 கடைசியில் எங்கி என்ற 29 ரோபோக்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி ஆங்கிலம் கற்பித்தார்கள். உலகமே வியந்தது. அவற்றை இயக்கிப் பேசியவர்கள் பிலிப்பைன்ஸில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள்! ஜூமுக்குச் சக்கரம் வைத்ததுதான் அது. சக்கரத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ஜூமின் குறை, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வேகமாகப் பேசிவிட்டுப் போய்விடுவார். பின் வரிசையில் தூங்குகிறவனை எழுப்ப முடியாது. அதனால் என் ஓட்டு இரண்டாவது வகைக்கு: தமிழ் பேசத் தெரிந்த நம் ஊர்ப் பாட்டி ஒருவர், எழுத்துப் பாடம் நடத்த ஒரு கல்லூரிப் பெண், இருவருக்கும் மாதாமாதம் ஒரு தொகை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பாடத்துக்கு அது போதும். அரசாங்கமே 2020 கடைசியிலிருந்து இலட்சக்கணக்கான இளைஞர்களை உதவித்தொகை கொடுத்துப் பள்ளிகளில் உதவியாளராக அமர்த்தியதே. வேலையில்லாப் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு நிற்கிற ஊரில், வகுப்புப் பணம் கப்பலேறிப் போவதைவிட நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போவது மேல் இல்லையா?

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கணக்கு இவ்வளவு சுலபமில்லை, ஒத்துக்கொள்கிறேன். பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், 2021இல், நம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் படித்ததன் பொருள் புரியவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 2030க்குள் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். ஆசிரியரே இல்லாத கிராமத்துப் பள்ளிக்கு ஐரிஸ் போனால் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பயம் வேறு. வசதியான பள்ளியில் ஆசிரியரும் ரோபோவும் இருப்பார்கள், இல்லாத பள்ளியில் ரோபோ மட்டும் இருக்கும். அதைக் காட்டியே ஆசிரியரை அனுப்பாமல் விட்டுவிடுவார்கள்.

ரோபோவிடம் கற்பது ஒன்று, ரோபோவைக் கற்பது வேறொன்று. இரண்டாவதில் நானும் ரோபோ கட்சிதான். கோடிங்கும் ரோபாட்டிக்ஸும் பள்ளிப் பாடமாக 2021இலேயே வரைவு வந்துவிட்டது. அதற்குக்கூட ரோபோ கட்டாயமில்லை: நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் பிறந்த டேங்க்ஸ் விளையாட்டில் அட்டைத் துண்டுகளை வரிசையாக வைத்துப் போனில் படம் பிடித்தால் போதும், திரையில் டேங்க் நகரும். கணினி அறையும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

அதைப் பார்த்துத்தான் கமிட்டியில் ஒரு சமரசம் சொன்னேன். பெரும்பகுதி ஆட்களுக்கு, கொஞ்சம் டேப்லட்டுக்கு, மிச்சத்தில் தரையில் ஓடும் பீ-பாட் என்ற ஒரு குட்டிப் பொம்மை ரோபோ. முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள், பேச்சு கிடையாது. 'முன்னே போ', 'இடப்பக்கம் திரும்பு', 'நில்' என்று தமிழில் எழுதிய அட்டைகளை ஒரு பிள்ளை அடுக்க வேண்டும், இன்னொரு பிள்ளை படித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். தப்பாகப் படித்தால் வண்டி நேரே செருப்பு விடும் இடத்துக்குப் போய்விடும். இளைஞர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அட்டை எழுதும் வேலையை அவர்களிடமே கொடுத்திருக்கிறோம்; அவர்களுக்கும் எழுத்துப் பழக்கம் வேண்டுமே.