தாத்தா தமிழில் பேசலாம் என்று சொன்ன ஸ்பீச் தெரபி சென்டர்

எட்டு மாதமாகப் பேரனைக் கூட்டிக்கொண்டு இந்திராநகரில் ஒரு ஸ்பீச் தெரபி சென்டருக்குப் போய் வருகிறேன். செவ்வாய், வெள்ளி, மாலை நாலே கால். அல்சூரில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன், அங்கிருந்து பத்து நிமிட நடை. சென்டரின் பெயரைப் போட வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள். பெயர் இல்லாமல் என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எந்த சென்டருக்குப் போனாலும் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதையாவது சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் திருச்சி ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே தபால் சேவையில் 34 வருடம் தபால் பிரித்தவன். ஓய்வு பெற்றதும் மகன் வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டில் தமிழ். சமையலுக்கு வரும் அம்மா பேசுவது கன்னடம். பள்ளியில் இங்கிலீஷ். பேரனுக்கு மூன்று வயது ஆனபோது, மற்ற பிள்ளைகள் வாய் ஓயாமல் பேச, இவன் மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். பேசினாலும் 'சாப்பாடு' என்பது 'தாப்பாடு', 'தோசை' என்பது 'தோதை'. தாத்தா என்ற சொல்லை மட்டும் பிழையில்லாமல் சொல்வான். அதில் வேறு எழுத்தே இல்லையே!

இந்த சென்டருக்கு முன்னால் வேறோர் இடத்துக்குப் போனோம். அதைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். ஏ.சி. அறை, சுவரெல்லாம் சான்றிதழ், கண்ணாடிக் கதவு. மூன்றரை வயதுப் பிள்ளையை உட்கார வைத்து இங்கிலீஷில் படப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பூசணிக்காய் படத்தைக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்றார் அந்த அம்மா. "பூதணி" என்றான். தப்பு என்று பேனாவால் ஒரு கோடு. பூனை படத்துக்கு "பெக்கு" என்றான், அது கன்னடம். அதற்கும் ஒரு கோடு. பனியில் செய்த பொம்மை, கம்பளிக் கையுறை எல்லாம் வந்தன. அல்சூர் ஏரிக்கரையில் வளரும் பிள்ளை கம்பளிக் கையுறையை எங்கே பார்த்தான்? நாற்பது நிமிடத்தில் முடித்து, மொழி வயது இரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஒரு அறிவுரை: "மூன்று மொழி பிள்ளைக்குக் குழப்பம். இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும்." பள்ளியிலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

மகனும் மருமகளும் பயந்துவிட்டார்கள். அடுத்த நான்கு மாதம் எங்கள் வீட்டில் நடந்தது கூத்து. நான் பேரனிடம் "கம்", "ஈட்", "குட் பாய்", "நோ நோ" என்று நான்கு வாக்கியத்தில் குடும்பம் நடத்தினேன். அவன் பாட்டி பேசுவதையே நிறுத்திவிட்டாள். ராத்திரிக் கதை போயிற்று. பிள்ளை பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அவனோடு அதிகம் பேசிய இரண்டு பேரின் வாயைக் கட்டிவிட்டார்கள். அவனிடம் இருந்த கொஞ்சப் பேச்சும் குறைந்ததுதான் மிச்சம்.

என் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். தமிழில் விலாசம் எழுதிய கடிதம் ஒன்று தபால் பிரிக்கும், தமிழ் தெரியாத சார்ட்டரிடம் போகிறது. அவர் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். அதை விட்டு 'விலாசம் சரியில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினால் குற்றம் கடிதத்தின் மேலா? முதல் இடத்தில் என் பேரனுக்கு நடந்தது அதுதான்.

சரி, இப்போது இந்த சென்டர். மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. உள்ளே இரண்டு சின்ன அறை, ஒரு பாய், ஒரு பெட்டி நிறைய பொம்மை. தெரபிஸ்ட் மேடம் கன்னடக்காரர், மைசூரில் படித்தவர். 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த எண்ணை அறிக்கையிலேயே முத்திரையாகப் போட்டுத் தருகிறார். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. நீங்கள் எங்கே போனாலும் அந்த எண்ணைக் கேளுங்கள். ஆனால் பழைய இடத்திலும் எண் இருந்தது, அது வேறு விஷயம்.

முதல் நாள் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்களிடம்தான் கேட்டார். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை யார் எந்த மொழியில் அவனிடம் பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு நிரப்பச் சொன்னார். எந்த மொழி எந்த வயதில் காதில் விழ ஆரம்பித்தது, குடும்பத்தில் வேறு யாராவது தாமதமாகப் பேசினார்களா, தமிழில் அவன் சொல்லும் மிக நீளமான வாக்கியம் எது என்றெல்லாம் கேட்டார். போனில் ஓடும் பாட்டு வீடியோவை மருமகள் 'இங்கிலீஷ், ஒன்றரை மணி' என்று எழுதியிருந்தாள். மேடம் சிரித்துக்கொண்டே அதை அடித்துவிட்டார். அது யாரும் அவனிடம் பேசுவதல்லவாம்.

பேசத் தாமதமானால் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டல் பரிசோதனைக்கும் அனுப்பினார். சத்தம் கேட்டால் ஒரு கட்டையைப் பெட்டியில் போடு என்று விளையாட்டாகவே செய்தார்கள். காது நன்றாக இருந்தது. பழைய இடத்தில் காதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

இரண்டாவது முறை போனபோதுதான் நிஜமான பரிசோதனை. மேடத்துக்குத் தமிழ் புரியும், ஆனால் நுணுக்கம் போதாது. அதை அவரே சொல்லிவிட்டு, சென்னையிலிருந்து தமிழ்த் தெரபிஸ்ட் ஒருவரை வீடியோவில் கூப்பிட்டார். அதற்குத் தனியாக 600 ரூபாய். நான் கொடுத்ததிலேயே உருப்படியான 600 ரூபாய் அதுதான். பிள்ளை சொன்ன வார்த்தைகளை மூன்று மொழியிலும் சேர்த்து எண்ணினார்கள். 'பூதணி'க்கு மதிப்பெண் உண்டு, 'பெக்கு'வுக்கும் உண்டு. ஒரு பொருளுக்கு ஏதாவது ஒரு மொழியில் பெயர் தெரிந்தாலே அது அவனுக்குத் தெரிந்த பொருள்தானே. பால் வேண்டுமென்றால் கன்னடத்தில் "ஹாலு" என்பான், பந்தைக் கேட்கும்போது இங்கிலீஷில் "பால்" என்பான். இப்படி மொழிகளைக் கலப்பது கோளாறே இல்லை, பெரியவர்கள் நாமும் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறோம் என்றார்.

இந்த இடத்தில் நான் ஒரு குட்டு வாங்கினேன். நாய் படத்தைக் காட்டியதும் பேரன் முழித்தான். என் வாய் தானாக "நா..." என்று அசைந்தது. மேடம் திரும்பிப் பார்த்து, "அங்கிள், நீங்க பாஸ். அவன் சொல்லட்டும்" என்றார். அடுத்த முறை என் நாற்காலி அவன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

அப்புறம் 'மிதலு', 'கபுனோதி' மாதிரி எந்த மொழியிலும் இல்லாத சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். இவன் இரண்டு எழுத்துச் சொல்லைப் பிடித்தான், மூன்றில் தடுமாறினான், நான்கில் விட்டுவிட்டான். யாருக்கும் தெரியாத சொல் என்பதால், எந்த மொழியை எவ்வளவு கேட்டு வளர்ந்தான் என்பது இதில் அவ்வளவாகக் குறுக்கே வராதாம். இன்னொன்று: மூன்று பொம்மைகளுக்குப் புதுப் பெயர் வைத்துக் கற்றுக்கொடுத்து, இருபது நிமிடம் கழித்துக் கேட்டார்கள். அவனுக்கு என்ன தெரியும் என்பதை விட, சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு பிடிக்கிறான் என்று பார்ப்பதற்கு.

மூன்றாவது முறை போனபோது தீர்ப்பு வந்தது. மொழிகள் காரணமல்ல, ஆனால் கோளாறு உண்டு என்றார். முதல் பாதியில் எனக்கு வந்த நிம்மதியை இரண்டாம் பாதி வாங்கிக்கொண்டது. அவர் விளக்கியது இப்படி. இங்கிலீஷில் 'ஹி கோ' என்று சொல்வது ஒரு தடயமே ஆகாது, அந்த மொழியைப் புதிதாகக் கேட்கும் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். ஆனால் தமிழில் இவன் "நான் போச்சு", "அம்மா வந்தான்" என்கிறான். பிறந்ததிலிருந்து கேட்ட மொழியில், நான்கு வயதை நெருங்கும் பிள்ளை வினைமுற்றில் இப்படித் தடுக்கி விழுவதில்லை. 'பாட்டிக்கு', 'பெட்டியில்' என்னும் உருபுகளும் உதிர்ந்துபோகின்றன. உண்மையான மொழிக் கோளாறு என்றால் பிள்ளை பேசும் எல்லா மொழியிலும் அது தெரியும். ஒரு மொழியில் மட்டும் தெரிந்தால், அந்த மொழி இன்னும் போதவில்லை என்று அர்த்தம்.

யோசித்துப் பாருங்கள், தமிழில் சோதிக்காமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. பழைய இடத்தில் கோளாறு என்றது கடைசியில் சரிதான். ஆனால் தவறான காரணத்தைச் சொல்லித் தவறான மருந்தைக் கொடுத்தார்கள்.

இதற்கு மொழி வளர்ச்சிக் கோளாறு என்று பெயர். இங்கிலாந்தில் எடுத்த கணக்குப்படி நூற்றில் ஏழு பிள்ளைகளுக்கு இருக்கிறது, முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். 'ச' வராததைத் தனியாக எழுதினார். 'ழ' வராததையும், ஃபேனை 'பேன்' என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை. 'ழ'வுக்கு சிகிச்சை என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

"அப்ப தமிழை நிறுத்தணுமா?" என்று மகன் கேட்டான். "யார் சொன்னது? தாத்தா தமிழ்லயே பேசட்டும், நிறைய பேசட்டும்" என்றார். அன்று ராத்திரி பாட்டி நரிக்கதை சொன்னாள். நான்கு மாத பாக்கியையும் சேர்த்துச் சொன்னாள்.

தெரபி ஒரு தடவைக்கு 800 ரூபாய், 45 நிமிடம். அதில் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு. முதல் வாரமே நான் பேரனோடு விளையாடுவதை மூன்று நிமிடம் வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டினார். "இது என்ன? இது என்ன கலர்? சொல்லு. சொல்லு பார்க்கலாம்." நான் கேட்ட கேள்விகள் 27. அவன் பதில் சொன்னது நான்கு. எனக்கே வெட்கமாகிவிட்டது, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு கேள்வியைக் குறைத்து, அவன் பார்ப்பதை நான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்று பாடம். "அம்மா வந்தான்" என்றால் "தப்பு, சரியாச் சொல்லு" என்று சொல்லக் கூடாது. "ஆமா, அம்மா வந்தா" என்று சாதாரணமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்க எளிது. அந்தப் பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தால் தெரியும்.

'க்கு' உருபுக்கு வீட்டில் ஏதாவது விளையாட்டு வேண்டும் என்றார். இதில் என்னை யார் அடிப்பது! செருப்புப் பெட்டிகளை அடுக்கிச் சார்ட்டிங் அறை போட்டுவிட்டேன். பழைய கவர்களில் ஒவ்வொருவர் போட்டோவும் ஒட்டி, "இது யாருக்கு?" "பாட்டிக்கு." "இது?" "அப்பாவுக்கு." ஒரு நாளைக்கு அறுபது எழுபது கடிதம் போகும். இதே விளையாட்டை மேடம் சென்டரில் இங்கிலீஷில் செய்கிறார், பள்ளிக்கு அதுவும் வேண்டுமே.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குறித்த நேரத்துக்கு உள்ளே கூப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை, அரை மணியாவது காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் ஆறு நாற்காலி, பதினைந்து பேர். படச் சீட்டுகள் எல்லாம் இங்கிலீஷ், ஆப்பிளும் இக்லூவும்தான். தமிழில் ஒன்றுகூட இல்லை. நானே அம்மி, முறம், பனங்கிழங்கு என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். வீட்டில் தமிழ் பேச ஆளில்லாத குடும்பங்களுக்கு இங்கே எப்படி நடக்கும் என்று எனக்குச் சந்தேகம். மாதம் எட்டு தடவை என்றால் 6,400 ரூபாய், எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் பெங்களூரில் நிமான்ஸ் என்னும் மத்திய அரசு மனநல, நரம்பியல் மருத்துவமனையைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நோயியல் துறை அங்கே உண்டு. சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது.

எட்டு மாதத்தில் என்ன கிடைத்தது? அதிசயம் ஒன்றும் இல்லை. 'தோசை' வந்துவிட்டது. அவசரத்தில் இன்னும் 'தாப்பாடு'தான். மூன்று சொல் வாக்கியம் ஐந்தாறு சொல்லுக்கு நீண்டிருக்கிறது, இங்கிலீஷிலும் அதே அளவு. "அம்மா வந்தான்" வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்க்கிறது. இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்று மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றை அந்த லிஃப்டுக்காகக் குறைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு கவரைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தான். உள்ளே நுழைந்ததும் நீட்டி, "இது மேடம்க்கு" என்றான். அவர் வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அங்கிள், மேடம்க்கா, மேடத்துக்கா?" என்று கேட்டார். பேச்சில் இரண்டும் போகும் என்றேன். கவரைப் பிரித்தால் உள்ளே எங்கள் வீட்டு பெஸ்காம் கரண்ட் பில்.